அடியில் தங்கியது யாருடையது?

வீட்டில் பீர் வடிக்கத் தொடங்குகிறவரை முதலில் கலங்க வைப்பது பெரும்பாலும் அதன் அளவுதான். 20 லிட்டர் வேண்டும் என்று 22 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றியிருப்பார். அதற்கேற்பப் பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். சில வாரம் கழித்து நிரப்ப உட்கார்ந்தால் ஏறக்குறையப் பாதிப் பாட்டில்கள் வெறுமையாகவே நிற்கும். 1963-ல் வீட்டு வடிப்புக்கான உரிமக் கட்டணம் நீங்கிய பிரிட்டனிலும், 1978-ல் அதை அனுமதித்து ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவிலும் எத்தனையோ சமையலறைகள் இந்த ஏமாற்றத்தைப் பார்த்திருக்கின்றன. நம் உழவர்களிடம் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: கண்டுமுதல். வயலைப் பார்த்து மதிப்பிட்டது ஒன்று. களத்தில் அடித்து, தூற்றி, அளந்த பிறகு நிற்பதுதான் கண்டுமுதல். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. அந்த இடைவெளியை நாம் இழப்பு என்கிறோம். இழப்பு என்றால் முன்பு என்னுடையதாக இருந்த ஒன்று என்னை விட்டுப் போயிருக்க வேண்டும். பாட்டிலுக்கு வராத அந்தப் பீர் எப்போதாவது என்னுடையதாக இருந்ததா? இதை ஒரு தத்துவக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். என் விடை இது: வராமல் போனதில் மிகப் பெரும் பகுதி, அந்த வேலையைச் செய்தவற்றின் பங்கு. நான் ஊற்றியதெல்லாம் எனக்கே திரும்ப வேண்டும் என்று நினைத்ததில்தான் பிழை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வாதத்தின் முதல் சாட்சி அதுதான். அனுபவப்பட்டவர்கள் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். பாட்டிலில் 20 லிட்டர் வேண்டுமா? நொதிக்கும் வாளியின் அடியில் ஈஸ்ட் படிந்து சேறுபோல் இறுகிக் கிடக்கும். அதோடு ஒன்றரை லிட்டர் போகும். ஆகவே வாளிக்குள் இருபத்தொன்றரை லிட்டர் இறங்க வேண்டும். கொதிக்கவைத்த பானையின் அடியில் ஹாப்ஸ் பூவின் சக்கையும், வெப்பத்தில் திரிந்த புரதமும் கலந்த மண்டி தங்கும். அதற்கு இன்னொரு ஒன்றரை. ஆக 23. கொதிநிலையில் இருக்கும் சாறு ஆறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும் என்பதால் அடுப்பை அணைக்கும் நேரத்தில் 24 இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதிப்பில், பானையின் வாய் அகலத்தையும் தீயின் வேகத்தையும் பொறுத்து, மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். இருபத்தேழரை என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் முன்னால் ஐந்து கிலோ மால்ட், அதாவது முளைவிட வைத்துக் காயவைத்த பார்லி, தன்னோடு கலந்த வெந்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வீதம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூட்டினால் முப்பத்திரண்டரை. 20 லிட்டருக்கு முப்பத்திரண்டரை லிட்டர் தண்ணீர்! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாட்டிலைப் பார்க்கப் போவதே இல்லை. இந்தக் கணக்கில் ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தானியம் எடுத்தது, தீ எடுத்தது, பூ எடுத்தது, ஈஸ்ட் எடுத்தது. அவற்றில் எதையும் நீக்கிவிட்டுப் பீர் செய்ய முடியாது. தானியம் நனையாமல் அதன் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறாது. சாறு கொதித்து ஆவி போகாமல் பூவின் கசப்பு இறங்காது. வேண்டாத வாடைகளும் வெளியேறா. எடுத்துக்கொண்டவை எல்லாம் ஏதோ ஒன்றைக் கொடுத்த பிறகே எடுத்துக்கொண்டன.

தண்ணீரை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பார்த்தால் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். பொருள் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்ற விதியைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1789-ல் வெளியிட்ட தன் வேதியியல் நூலில் எந்த இடத்தில் எழுதினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. திராட்சைச் சாறு மதுவாகப் புளிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில்தான் எழுதினார். செயலுக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்ற நம்பிக்கை இருந்ததால்தான் நொதிக்கும் கலத்தை அவரால் ஒரு சமன்பாடாகப் பார்க்க முடிந்தது. பின்னால் வந்த கே-லூசாக் அந்தச் சமன்பாட்டைச் செப்பம் செய்தார். இன்று நாம் சொல்லும் கணக்கில், 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவுமாகப் பிரியும். ஏறக்குறையப் பாதி எடை காற்றோடு போய்விடுகிறது. பாஸ்டர் இன்னும் நுட்பமாக அளந்து, சர்க்கரையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு இந்தச் சமன்பாட்டுக்குள் அடங்காமல் கிளிசரினாகவும், சக்சினிக் அமிலமாகவும், ஈஸ்டின் சொந்த உடலாகவும் மாறுகிறது என்று காட்டினார். லவாசியே பார்த்த கண்ணால் பார்த்தால் எதுவும் இழக்கப்படவில்லை. பாஸ்டரின் கண் அதற்கு மேலும் ஒன்றைப் பார்த்தது: வேலை செய்த உயிர் தன் சாப்பாட்டை அதிலிருந்தே எடுத்துக்கொண்டது. இழப்பு என்ற சொல்லுக்கு இயற்கையின் கணக்கேட்டில் இடமில்லை. அந்தச் சொல் நம் எதிர்பார்ப்பில் மட்டுமே இருக்கிறது.

இயற்கையில் இழப்பு இல்லை என்பதால் எனக்கும் இழப்பு இல்லை என்று ஆகிவிடாது. அவ்வளவு எளிதாக வாதத்தை முடித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. திருடன் கொண்டுபோன பணமும் உலகத்தைவிட்டுப் போவதில்லை, ஆனாலும் இழந்தவன் இழந்தவனே. ஆகவே வேறொரு சாட்சி வேண்டும். பங்கைத் தர மறுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சக்கையில் இன்னும் இனிப்பு ஒட்டியிருக்கிறதே என்று வெந்நீரை மேலும் மேலும் ஊற்றி அலசினால், சாறு நீர்த்து, அதன் புளிப்புத்தன்மை குறைந்து, உமியில் இருக்கும் துவர்ப்புச் சத்து கரைந்து இறங்கத் தொடங்கும். தேறிய கைகள், சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.010-க்கு அருகே இறங்கும்போதே நிறுத்திவிடுகின்றன. பானை அடியில் தங்கிய மண்டியையும் சேர்த்து வாளிக்குள் கவிழ்த்தால் பீர் தெளிவையும் ருசியையும் இழக்கக்கூடும். ஈஸ்ட் தொட முடியாத நீண்ட சர்க்கரைகளையும் விடாமல் உடைத்து ஆல்கஹாலாக்கினால், கிடைப்பது உடல் இல்லாத, வெற்று நீர் போன்ற பானம். கடைசிச் சொட்டு வரை வேண்டும் என்கிற கை, முன்பே கிடைத்த நல்ல சாற்றையும் கெடுத்துவிடுகிறது. மீதம் வைப்பது பீரின் தரத்துக்கே உறுப்பாக இருக்கிறது. திருடனின் உவமை இங்கே பொருந்தாது. திருடனிடமிருந்து பணத்தை மீட்டால் பணம் கெடுவதில்லை.

வயலின் அறுவடையை முன்வைத்து மிகப் பழைய சமய நூலான விவிலியம் ஏறக்குறைய இதே கட்டளையை இட்டிருக்கிறது. லேவியராகமம் 19-ஆம், 23-ஆம் அதிகாரங்கள், வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவை எளியவருக்கும் அந்நியருக்கும் உரியவை என்கின்றன. உபாகமம் மறந்துவிட்ட அரிக்கட்டுக்காகத் திரும்பிப் போகவும் தடை விதிக்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் மோவாபிய விதவை ரூத், போவாசின் வயலில் பகல் முழுதும் பொறுக்கி, தமிழ் விவிலியம் வாற்கோதுமை என்று அழைக்கும் பார்லியை ஒரு மரக்கால் அளவு தட்டி எடுத்தாள். பிற்கால யூத அறிஞர்கள் மிஷ்னாவின் பேயா என்ற பகுதியில் இந்த ஓரத்துக்கு ஒரு கீழ்வரம்பை வைத்தார்கள்: அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. இந்தச் சட்டத்தில் என்னைக் கவர்வது அதன் கருணையைக் காட்டிலும் அது கணக்குப் போடும் வரிசை. விளைச்சல் முழுவதும் உன்னுடையது, அதிலிருந்து கொஞ்சம் தானம் செய் என்று அது சொல்லவில்லை. ஓரம் முதலிலிருந்தே உன்னுடையதல்ல, ஆகவே அதை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அது பிறர் பொருள் என்கிறது. தானத்தில் கொடுப்பவன் பெரியவன். இங்கே அவன் வெறுமனே எல்லைக்குள் நிற்பவன். 20 லிட்டரில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணும் வீட்டு வடிப்பாளரும், அறிந்தோ அறியாமலோ, இந்த வரிசையைத்தான் கடைப்பிடிக்கிறார். தன் பங்கை எழுதுவதற்கு முன்னரே பிறவற்றின் பங்கை ஒதுக்கிவிடுகிறார்.

எளிய மனிதருக்கு உரிமை உண்டு. ஈஸ்டுக்கும் தீக்கும் என்ன உரிமை? பசித்த விதவையையும் வாளியின் சேற்றையும் ஒரே தட்டில் வைப்பது மிகையுணர்ச்சி இல்லையா? இந்த மறுப்பு நியாயமானது, அதன் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். ஈஸ்ட் என்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அதற்குத் துயரமும் இல்லை. ஆனால் நான் நிறுவ முயல்வது ஈஸ்டின் உரிமையை அல்ல, என் உரிமையின் எல்லையை. ஒரு பொருள் என்னுடையது என்று சொல்ல நான் அதை ஆக்கியிருக்க வேண்டும், அல்லது விலைகொடுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது பார்லியும் பூவும் தண்ணீரும். அவை பீர் அல்ல. ஆக்கியதோ? ஒரு மூலக்கூறு சர்க்கரையையும் என்னால் ஆல்கஹாலாக மாற்ற முடியாது. நான் செய்தது, ஈஸ்டும் பிறவும் வேலை செய்வதற்கு ஏற்ற சூட்டையும் தூய்மையையும் காலத்தையும் ஏற்படுத்திக் கொடுத்தது. அது உண்மையான உழைப்பு, அதற்கு உண்மையான பலன் உண்டு. அந்தப் பலன் எவ்வளவு என்பதை வேலை முடிந்தபின் எஞ்சுவதுதான் சொல்ல முடியும். நான் ஊற்றியது சொல்ல முடியாது. என் உரிமை அங்கே நின்றுபோவதற்கு எதிர்ப்பக்கத்தில் வேறொரு உரிமையாளர் நிற்க வேண்டிய தேவை இல்லை.

இதைவிடக் கூர்மையான ஒரு மறுப்பு நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரத்துப் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியபோது மதுவின் களிப்பு பிறப்பதுபோல் பூதங்கள் கூடியபோது உணர்வு பிறக்கிறது என்கிறான். பிரித்துப் பார்த்தால் பூவிலும் இல்லை, கட்டியிலும் இல்லை. கூட்டத்தில் மட்டுமே இருக்கிறது போதை. உலகாயதர் பல நூற்றாண்டுகள் ஏந்திய உவமை இது. இதன்படி வேலை செய்தவர் என்று யாரும் இல்லை, கூட்டம் மட்டுமே உண்டு. பிறகு பங்கு யாருக்கு? பூக்களின் மேலும் காற்றிலும் ஈஸ்ட் இருக்கிறது, பூதவாதி காணாத செயலாளி அதுவே என்று பாஸ்டரை முன்னிறுத்தி விடை சொல்லத் தோன்றும். ஆனால் 1897-ல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த, உயிரணுவே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கிறது என்று காட்டிவிட்டார். 1907-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். உயிர் வேண்டியதில்லை, அது உண்டாக்கிய நொதிப்பொருள் போதும். பூதவாதிக்கு ஓரளவு வலு திரும்பிவிட்டது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் வாதம் இதனால் தளரவில்லை. கூட்டம் மட்டுமே உண்டு, செய்தவர் இல்லை என்பது உண்மையானால், வடித்த மனிதரும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். அவர் மட்டும் வெளியே வந்து முழுதும் என்னுடையது என்று கை நீட்ட முடியாது. செயலாளிகள் பலர் என்றால் பலன் பலருக்குப் பிரியும். செயலாளியே இல்லை என்றால் முழு உரிமை கோர யாருமே இல்லை. இரண்டு வழியிலும் முப்பத்திரண்டரை லிட்டரைச் சுட்டி என் பீர் என்று சொல்லும் குரலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நடைமுறை மனிதர்கள் எழுப்பும் மறுப்பு வேறு, அதை நான் தத்துவ மறுப்பைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். இப்படிப் பேசினால் சோம்பேறிக்குச் சாக்கு கிடைத்துவிடும். குழாய் கசிந்தாலும் பங்கு என்பார், மூடி தளர்ந்தாலும் பங்கு என்பார். மேற்கத்தியத் துறவுமடங்களின் அடிப்படை நூலான பெனடிக்டின் ஒழுங்கு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று போற்றும் அந்தத் துறவி 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்நூலின் 31-ஆம் அதிகாரம் மடத்தின் பண்டகக் காப்பாளரைப் பற்றியது. மடத்துக் கருவிகள் அனைத்தையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப் போலவே அவர் கருத வேண்டும், எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்கிறது அது. இன்றும் பீர் வடிக்கும் டிராப்பிஸ்ட் மடங்கள் பின்பற்றுவது இந்த ஒழுங்கைத்தான். பங்கை விட்டுக்கொடுப்பவருக்கும் கவனமின்றிச் சிந்துபவருக்கும் வேறுபாடு எளிது: பங்கை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். கசியும் குழாய்க்கு யாரும் முன்னதாக ஒன்றரை லிட்டர் ஒதுக்குவதில்லை. எழுதி வைப்பதற்கு அளந்து பழகியிருக்க வேண்டும். இதை நன்றாக உணர்ந்தவர் டப்ளினில் கின்னஸ் ஆலையில் 1899-ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட். சில மாதிரிகளை மட்டும் வைத்து ஒரு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு 1908-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரை புள்ளியியலையே மாற்றியது. அவர் கற்றுத்தந்த முறையில், எதிர்பார்ப்பு என்பது ஓர் எண்ணும் அதைச் சுற்றியுள்ள ஒரு தடுமாற்ற எல்லையும். 20 லிட்டர் எதிர்பார்த்து பத்தொன்பது வந்தால் வாக்குறுதி மீறப்படவில்லை. பதினான்கு வந்தால் எங்கோ கவனம் தவறியிருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும். பங்கை மதிப்பவருக்கே இந்தத் தேடல் சாத்தியம். எல்லாக் குறைவையும் ஒரே இழப்பாகப் புலம்புகிறவருக்கு எது தன் தவறு என்பதே தெரியாமல் போகும்.

புளித்துக் காடியாகிப் போன பீரின் கதை என்ன என்று ஒருவர் கேட்கலாம். காடியாக்கிய பாக்டீரியாவும் உண்டது, வாழ்ந்தது. அதற்கும் பங்கு உண்டா? இல்லை என்பேன். ஈஸ்ட் எடுத்துக்கொண்டதும் பீர் உண்டானதும் ஒரே செயல். பாக்டீரியா எடுத்துக்கொண்டது பீர் உண்டான பிறகு, அந்தச் செயலுக்கு எதையும் தராமல். காடி வேண்டும் என்றே தொடங்கியவருடைய வாளியில் கணக்கு மாறிவிடும். அங்கே அதே பாக்டீரியா கூலிக்கு உரியது. பங்கு பொருளில் இல்லை, செயலுடன் உள்ள உறவில் இருக்கிறது.

பெரிய ஆலைகள் மால்ட்டை நுண்ணிய அரைவையாக்கி, வடிகட்டிச் சட்டங்களில் அழுத்தி, துவர்ப்பு இறங்காமலே ஏறக்குறைய முழு இனிப்பையும் பிழிந்துவிடுகின்றன. ஈஸ்டுச் சேற்றிலிருந்தும் பீரைப் பிரித்தெடுக்கின்றன. அவை பேராசைக்காரர்களா என்று கேட்டால், அப்படிச் சொல்ல என் வாதத்தில் இடமில்லை. கருவி மாறினால் பங்கின் அளவு குறையும். எந்தக் கருவியாலும் அது சுழியாவதில்லை. கரியமில வாயு கே-லூசாக்கின் கணக்குப்படிதான் பிரியும், ஈஸ்ட் தன் உடலைக் கட்டியே தீரும். ஆனால் கருவி ஒரு மயக்கத்தையும் தரும். பெனடிக்டின் ஒழுங்கில் 57-ஆம் அதிகாரம் கைவினைத் துறவிகளைப் பற்றியது: தன் திறமையால்தான் மடத்துக்கு ஏதோ கிடைக்கிறது என்று ஒருவர் செருக்குற்றால் அவரை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கச் சொல்கிறது. தொழிலின் பலனைக் கெடுத்தாலும் பரவாயில்லை, அந்த எண்ணம் வளரக்கூடாது என்பதில் அந்த நூலுக்கு எத்தனை உறுதி! பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லெட்டரனில் இருக்கும் சிக்ஸ்டஸ் மடம், உலகெங்கும் தேவை இருந்தும், மடத்தின் வாழ்க்கைக்கு வேண்டிய அளவுக்கு மேல் வடிப்பைப் பெருக்க மறுத்து வருவதை நான் இந்த அதிகாரத்தின் உரையாகவே படிக்கிறேன்.

மது கூடாது என்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாதே எனலாம். பௌத்தத்தின் ஐந்தாம் சீலமும், இஸ்லாமும், கள்ளுண்ணாமை பாடிய வள்ளுவரும் ஒரு பக்கம். மதுவிலக்குச் சட்டத்தால் வீட்டில் வடிப்பதையே தடுத்திருக்கும் தமிழ்நாடு இன்னொரு பக்கம். குடிக்கலாமா என்பதில் நான் இங்கே எந்தத் தரப்பும் எடுக்கவில்லை. ரொட்டிக்காரர் அடுப்பில் வைக்கும் மாவுக்கும் இதே வாதம் பொருந்தும்: அதே ஈஸ்ட், அதே வாயு, வேகும்போது எடை குறையும் அதே குறைவு. பீரில் ஒவ்வொரு பங்கையும் லிட்டரிலும் கிராமிலும் எழுத முடிகிறது என்பதே அதை எடுத்துக்கொண்டதன் காரணம்.

பவேரியாவில் 1516-ல் வெளியான புகழ்பெற்ற சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றது. ஈஸ்டின் பெயர் அதில் இல்லை. அந்தக் கால வடிப்பாளர்கள் அடியில் தங்கும் சேற்றை நன்றாகவே அறிவார்கள். ஒரு வடிப்பிலிருந்து வழித்தெடுத்து அடுத்ததில் இட்டார்கள். பார்லியும் பூவும் தண்ணீரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கப்படுபவை. ஈஸ்டை வாங்க வேண்டியிருக்கவில்லை; இட்டதைவிடப் பலமடங்காகப் பெருகி அதுவே திரும்பி வந்தது. அடியில் தங்கிய ஒன்றரை லிட்டரை இழப்பு என்று எழுதியவர் உண்மையில் விதைநெல்லை இழப்பு என்று எழுதியிருக்கிறார். இன்றைய வீட்டு வடிப்பாளர் பாட்டில்களை நிரப்பி முடித்ததும் அந்தச் சேற்றைக் கலக்கிச் சுத்தமான கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறார். கனத்த கசடு முதலில் இறங்கும். அதன் மேல் பாலாடை நிறத்தில் ஈஸ்ட் படியும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் அன்று எதிர்பார்த்துக் கிடைக்காத பீரில் ஒரு கை அளவு தெளிந்து நிற்கும். அடுத்த வடிப்பன்று அவர் அந்தத் தெளிவைக் கொட்டிவிட்டு, அதன் கீழே இருப்பதைப் புதுச் சாற்றில் இடுவார்.